கழற்றி வைத்த நேரம்

விசாலாட்சிக்கு முடக்குவாதம் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. விரல் மூட்டு வீங்காத நாளே கிடையாது. கணவர் துரைசாமி கண்ணில்தான் அது படாது. "எல்லாம் மனசுலதான் லா. வயசானா அப்படித்தான்" என்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

அதனால்தான், மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்காக வலியையும் கவலையையும் அளக்கும் பட்டை ஒன்றைக் கையில் கட்டிவிட்டபோது அவளுக்கு அத்தனை சந்தோஷம். நாடித்துடிப்பையும் வியர்வையையும் பார்த்து அதுவே சொல்லிவிடுமாம். இவள் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டாள். இனி மெஷின் சொல்லட்டும், அந்த மனுஷன் நம்பித்தானே ஆகவேண்டும்!

முடிவு சொல்கிற நாளன்று துரைசாமியையும் ஈசூன் வீட்டிலிருந்து வம்படியாக இழுத்துப்போனாள். ஆய்வுப் பணியாளர் மைமூன் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடு சாதுவாகப் படுத்துக் கிடந்தது.

"வலி பெரிசா ஒண்ணும் காட்டலையே ஆன்ட்டி. ஸ்ட்ரெஸ்ஸும் கம்மிதான்."

"நான் சொல்லலை?" என்றார் துரைசாமி.

விசாலாட்சிக்கு அழக்கூடத் தெம்பில்லை. பாழாய்ப்போன மெஷினும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டது.

மைமூன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நடுநடுவுல எதுவுமே பதிவாகலையே. கழட்டி வச்சீங்களா?"

"இரவல் பொருளாச்சேம்மா! பாத்திரம் கழுவறப்ப, துணி பிழியறப்ப, தேக்கா மார்க்கெட்டுல வாங்கின கறியை வெட்டறப்ப கழட்டி சாமி மேடையில வச்சிருவேன். கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது?"

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேனே ஆன்ட்டி! அந்த வேலை செய்யறப்பதானே கை வலிக்கும்?"

"அப்பதான் உயிரே போகும்."

துரைசாமி மனைவியின் விரல்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். இன்னும் ஒரு வாரத்துக்கு என்று பட்டை மறுபடியும் அவள் கையில் ஏறியது.

சாயங்காலம் அடிப்பிடித்த குழம்புச் சட்டியை விசாலாட்சி தேய்க்கத் தொடங்கியதும் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொண்டா, நான் கழுவறேன்."

இத்தனை வருஷமாகக் கேட்கத் தவித்த வார்த்தை. ஆனாலும் அவள் சட்டியை விடவில்லை.

"உனக்கு எதுக்கு இந்த வீம்பு? நான்தான் நம்பறேனே."

"ஆமா, அந்தப் பொண்ணு சொன்னதுக்கப்புறம். நான் சொன்னப்ப நம்பினீங்களா?" என்றாள். "போங்க, நாளைக்குக் கழுவுங்க. இன்னைக்கு என் வலி இதுல ஏறட்டும்."

பட்டை கட்டிய கையால் கம்பி நாரை அழுத்திப் பிடித்துத் தேய்த்தாள்.