ஆலை மூடிய பத்து நாட்கள்

ஆலையை மூடிய மூன்றாம் நாள் காலை, துவைப்பதற்காகத் தலையணை உறையை உருவினேன். அந்த ஆலை வாடை முகத்தில் அடித்தது.

எர்ணாவூரில் எங்கள் தெருவின் பின்சுவர் ஒரு ரசாயன ஆலையுடையது. காற்று திரும்பினால் மூத்திரக் காரம் போன்ற நாற்றம் வரும், கண் எரியும். யாராவது ஒருவர் "காஸ் வுட்டுட்டான்" என்று கத்தினால் போதும், தெரு முழுக்க ஜன்னல்கள் சாத்தப்படும். அதனால்தான் 2002 மழைக்காலத்தில் என் கணவர் லோகநாதன் பல் தேய்க்கும்போதெல்லாம் குமட்டத் தொடங்கியதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குக் கொக்கி மாட்டுகிறவர். மீன்குழம்பென்றால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர், வாசனை பட்டதுமே எழுந்து போனார்.

"வாயில துட்டு போட்டு சப்புனா மாறி கீது சிவந்தி" என்பார்.

ராத்திரியில் தூக்கமில்லை. காலுக்குள் எறும்பு ஓடுகிறது என்று எழுந்து நடப்பார். பகலில் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுவார்.

எதிர்வீட்டுச் சொக்கம்மாள் அக்கா சிரித்தாள். "எல்லாம் கம்பெனி காஸுதாண்டி. எங்கூட்டு ஆளு வாயில வர்ற காஸுக்குத்தான் கம்பெனியே தேவையில்ல."

"மூச்சு முட்டுது, ஜன்னலத் தொறம்மே" என்று என் கணவர் கெஞ்சுவார்.

"தொறந்தா இன்னும் வாந்தி எடுப்ப. கம்னு படுய்யா."

இடுக்குகளில் பழைய சேலையைக் கிழித்து அடைத்தேன். பதினோரு மாதம் இப்படியே போனது.

பிறகு பழுதுபார்க்க ஆலையைப் பத்து நாள் மூடினார்கள். அவருடைய வாந்தி மட்டும் நிற்கவில்லை. அந்த மூன்றாம் நாள் உறையோடு தெருவுக்கு வந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். கடல் உப்பும் கருவாடும்தான் மணத்தன. உள்ளே போய், சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தவரின் வாயருகே குனிந்தேன். அந்த வாடை அங்கேதான் இருந்தது.

அன்றே கூட்டிப்போயிருக்கலாம். ஆலை திறக்கட்டும், அந்த நாற்றம் தெருவுக்குத் திரும்பிவிட்டால் இதுவும் அதுதான் என்று நம்பிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். உறையை இரண்டு முறை துவைத்தேன். பத்தாம் நாள் விக்கல் நிற்காமல் போனபோதுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

"வாந்தி எத்தனை நாளா?" என்று கேட்டாள் அங்கிருந்த இளம் டாக்டர்.

"பத்து நாளா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் அவரிடமும் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் விக்கலுக்கு நடுவே. "கம்பெனி மூட்னதுலேர்ந்துதான்."

ரத்தச் சோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்தபின் டாக்டர் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். "ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு, வாய் நாத்தமும் அதாலதான். இது பத்து நாள்ல வர்றதில்லம்மா."

முதல் டயாலிசிஸ் அன்று நான்கு மணி நேரமும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவருடைய குறட்டையைக் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் முறைத்தார். எழுப்ப மனம் வரவில்லை. அதன்பின் ஐந்து மாதம் இருந்தார். என் பொய்யைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மூன்றாம் நாளே தெரிந்துகொண்டதை நானும் சொல்லவில்லை.

இப்போதும் காற்று திரும்பும் நாட்களில் யாராவது கத்துகிறார்கள். தெருவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அடித்துச் சாத்திக்கொள்கின்றன. நான் இடுக்கிலிருந்து சேலைத் துணியை உருவி, கதவுகளை அகலத் திறந்து, அவருடைய தலையணையை ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைக்கிறேன்.