எண்ணெய் பரோட்டாவின் எடை

முனியராஜ் விருதுநகரில் எண்ணெய் பரோட்டா சாப்பிட்டால், இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, திருத்தங்கலில் அவன் மனைவி அருணாதேவிக்கு எடை ஏறும். ஒரு பரோட்டாவுக்கு ஐம்பது கிராம். சால்னாவுக்குத் தனியாக ஏறாது. இது தெரியவர மூன்று வருடம் ஆயிற்று.

அவன் காலண்டர் கம்பெனியில் வேன் ஓட்டுபவன். வியாழக்கிழமைதோறும் விருதுநகர் லோடு. இறக்கியதும் நான்கு பரோட்டா. அவள் அதே கம்பெனியில் காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிப்பவள். கல்யாணத்தன்று ஐம்பது கிலோ இருந்தாள். மூன்றாம் ஆண்டு எண்பத்தொன்று. இதற்கிடையில் மாதவிலக்கு வருடத்துக்கு மூன்று முறை மட்டும் வந்தது. தாடையில் முடி முளைத்தது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு படர்ந்தது. அழுக்கென்று நினைத்து எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்ததில் கழுத்து எரிந்ததே தவிரக் கறுப்பு போகவில்லை. மூன்று டாக்டர்கள் ஸ்கேன் எடுத்து, நீர்க்கட்டிகளை எண்ணி, பிள்ளை வேண்டுமானால் எடையைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அவள் கம்பங்கூழுக்கு மாறினாள். ஏறியது. கூழைப் பாதியாக்கினாள். அப்போதும் ஏறியது. மாமியார் பொன்னுத்தங்கம் அடுக்களை அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒளிச்சு வச்சுத் திங்கிறியாத்தா?"

"கூழுதான் அத்தை. நீங்கதான ஊத்துனீக?"

"நான் ஊத்துனது ஒரு செம்பு. வயித்துக்குள்ள தனியா கடை வச்சிருக்க போல."

அருணாதேவியின் பயம் பிள்ளையைப் பற்றியதல்ல. அவள் அம்மா சர்க்கரையில் வலது காலை இழந்தபோது வயது நாற்பத்திரண்டு. அம்மாவின் கழுத்தும் இப்படித்தான் கறுத்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம், தன் பேச்சை ஒருத்தியாவது நம்பட்டும் என்று, காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, காலண்டர் கட்டுகளை எடை போடும் தராசில் ஏறி உட்கார்ந்தாள். சாட்சிக்குப் பக்கத்து மேசைக் கற்பகம். பத்து நிமிடம் எண் அசையவில்லை. பிறகு ஐம்பது கிராம் ஏறியது. இன்னொரு ஐம்பது. மூன்றாவது ஐம்பதில் அருணாதேவிக்கு ஏப்பம் வந்தது. கற்பகம் மூக்கை நீட்டினாள்.

"ஏடி, இது நம்மூரு சால்னா இல்லை. விருதுநகரு சால்னா."

அருணாதேவி போனை எடுத்தாள்.

"எங்க இருக்கீக?"

"லோடு இறக்கிக்கிட்டிருக்கேன் தேவி."

"மூணோட நிப்பாட்டுங்க."

மறுமுனையில் இலையை மடிக்கும் சத்தம் கேட்டது. தராசு நின்றுவிட்டது.

மறுவாரம் இருவரும் விருதுநகர் போனார்கள். டாக்டர் நாஜியா ஸ்கேனைப் பிரிக்கவில்லை. கழுத்தைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அருணாதேவியை எதிரில் உட்காரவைத்தார்.

"பிள்ளையைப் பெறகு பாத்துக்கலாம்மா. சர்க்கரை கோட்டு மேல நிக்குது. கொழுப்பும் கூட. நீர்க்கட்டி இருக்கிறவங்களுக்கு இதையும் சேத்துப் பாக்கணும். ஒருத்தரும் சொல்லலையா?"

ஒருவரும் சொல்லவில்லை. பரோட்டா விஷயத்தைக் கேட்டு அவர் வியப்படையவில்லை. வாரத்துக்கு எத்தனை என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாத்திரையையும் நடையையும் அருணாதேவி பெயருக்கு எழுதினார். பத்தியத்தை முனியராஜ் பெயருக்கு எழுதினார்.

பொன்னுத்தங்கம் அந்தச் சீட்டை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். சாவியை எடுத்து மருமகள் கையில் வைத்தாள். அடுத்த வியாழனிலிருந்து, வேனை விட்டு இறங்கும் மகனின் சட்டையை மோந்து பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு வருடத்தில் பதினொரு கிலோ குறைந்தது. சர்க்கரை கோட்டுக்குக் கீழே இறங்கியது. மாதவிலக்கு ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்றாக வந்தது. கழுத்தின் கறுப்பு பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தைய வியாழன் மதியம் போன் வந்தது.

"தேவி, ஒண்ணே ஒண்ணு?"

"பாதி. நல்லா மொறுமொறுன்னு பாத்து எடுங்க."

தராசு பக்கத்தில்தான் இருந்தது. அவள் ஏறவில்லை. தகரம் அடிப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். ஏப்பம் வந்தது. பரோட்டா நன்றாகத்தான் இருந்தது.