மீட்டர் பொய் சொல்லாது

பானெட் திறந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து கணவரின் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. தண்ணீர்க்காரம்மா வண்டிச் சாவியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னிக்கு எதைக் கழட்டினீங்க?”

“கழட்டலை. மாட்டிட்டிருக்கேன்.”

“கழட்டாம எப்படி மாட்டுவீங்க?”

முதுகு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

அந்தப் பழைய பிக்கப் வண்டி அவர் பெயரில் இருந்தது, ஓட்டுவது அவள். முட்டி வலி வந்த பிறகு அவர் ஸ்டியரிங் பக்கமே போவதில்லை. தினமும் காலையில் தண்ணீர் கம்பெனிக்குப் போய், கேன்களை ஏற்றிக்கொண்டு, கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் போட்டுவிட்டு வருவாள். ‘தண்ணீர்க்காரம்மா’ என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. அவரை எல்லாரும் ‘ஸ்பானர்’ என்பார்கள், அவர் காதுபடவே.

ஸ்பானர் வேலை பார்த்த காலமெல்லாம் லாரி எடைபோடும் மேடையில் கழித்தவர். டிரைவர்கள் பெத்த தாய் மேல் சத்தியம் செய்தாலும் அசைய மாட்டார். “ஆள் பொய் சொல்லுவான், மீட்டர் பொய் சொல்லாது” என்பார். ஓய்வு பெற்றதும் அந்தச் சனி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. டாங்க் நிரப்பினால் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பார்ப்பார், அடுத்த முறை நிரப்பும்போதும் பார்ப்பார், ஓடிய தூரத்தை லிட்டரால் வகுப்பார். லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்த வண்டி, போன வருஷத்திலிருந்து பதினொன்றைக்கூடத் தொடவில்லை. அன்றைக்குப் போன நிம்மதிதான்.

முதலில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கார்புரேட்டர் வந்தது. பல் டாக்டர் வீட்டு மேட்டில் வண்டி நின்றுபோய், பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து அவள் மானத்தை வாங்கினார்கள். அப்புறம், ஃபேன் இஞ்சினின் சக்தியைத் தின்கிறதென்று அதைக் கழற்றி வைத்தார். பாங்க் வாசலில் வண்டி கொதித்து ஆவி கிளம்பியதில், தீப்பிடித்தது என்று காவலாளி மணல் வாளியோடு ஓடி வந்தார். அடுத்தது சைலன்சர். அது போட்ட சத்தத்தில் தெரு நாய்களெல்லாம் அவளை வழியனுப்ப வந்தன. இவ்வளவுக்கும் மைலேஜ் ஒரு இம்மிகூட நகரவில்லை.

“டயர் மாத்தினதுக்கு அப்புறம்தானே இப்படி?” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். லாரி ஓட்டும் அவள் தம்பி, அதிகம் தேயாத நாலு பெரிய டயர்களைக் கொண்டுவந்து போட்டிருந்தான். வண்டியே அரை முழம் உயர்ந்த மாதிரி இருந்தது.

“டயருக்கு வாயா இருக்கு, பெட்ரோல் குடிக்க? உன் தம்பி உருப்படியா செஞ்ச ஒரே காரியம் அதுதான். அதையும் குறை சொல்லாதே.”

தம்பியைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அவள் எதற்குக் கெடுக்கப் போகிறாள்? வாயை மூடிக்கொண்டாள்.

கடைசியில் வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். மரச்சாமான் கடைக்காரர் இன்று சாயங்காலம் வருவதாகப் பேச்சு.

“வித்துட்டு?”

“கம்பெனியே வேன்ல போட்டுக்குவாங்களாம். நீ வீட்ல நிம்மதியா உக்காரு.”

“யாரோட? உங்களோடயா?”

பானெட் படாரென்று மூடியது. “வண்டியோட சொந்தக் கார்புரேட்டரையே திரும்ப மாட்டிட்டேன். வாங்குறவர்கிட்ட உள்ளதைச் சொல்லணும்ல? கடைசியா ஒரு தடவை மைலேஜ் பாத்துடலாம். நீ மிதிக்கிற மிதியையும் பாக்கணும், நானும் வரேன்.”

முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறியதிலிருந்து ஓயவில்லை.

“கியரை மாத்து.”

“மாத்தியாச்சு.”

“மெதுவா, மெதுவா.”

“இதுக்கு மேல மெதுவாப் போனா நடந்து போறவங்க ஏறிக்குவாங்க.”

கம்பெனிக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஓரமாகக் கிலோமீட்டர் கற்கள் வரிசையாக நின்றன. அவர் ஒரு கல்லைப் பார்ப்பதும் மீட்டரைப் பார்ப்பதுமாக வந்தார். கொஞ்ச தூரத்தில் பேச்சு நின்றுபோனது.

“என்னங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?”

“பத்துக் கல்லு தாண்டிட்டோம். மீட்டர் ஒம்பதுதான் காட்டுது.”

“கல்லைத் தப்பா நட்டிருப்பாங்க.”

“எல்லாக் கல்லையுமா? வண்டியை ஓரங்கட்டு.”

இறங்கிப்போய் முன் டயரின் மேல் கை வைத்தபடி நின்றார்.

“சக்கரம் பெருசு. ஒரு சுத்துக்கு முன்னைவிட அதிகமாப் போகுது. மீட்டர் பாவம், பழைய டயருன்னு நெனச்சு சுத்தை மட்டும் எண்ணிக்கிட்டிருக்கு.”

“அப்போ வண்டி குடிக்கலை?”

“இல்ல. நாம போன தூரத்தைத்தான் அது கம்மியாச் சொல்லியிருக்கு.”

பல் டாக்டர் மேடு, பாங்க் வாசல், தெரு நாய்கள் எல்லாம் அவள் கண் முன்னால் ஊர்வலம் போயின.

“மீட்டர் பொய் சொல்லாதுன்னீங்களே!”

“பொய் சொல்லலை. அதுக்குத் தெரியலை.”

“என்னை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பீங்க, அதை விட்டுக்கொடுக்க மாட்டீங்க.”

சாயங்காலம் மரச்சாமான் கடைக்காரர் சொன்னபடி வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்தார்.

“ரொம்பக் குடிக்குமாமே?”

அவள் சாவியை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு கணவரின் வாயையே பார்த்தாள். வழியெல்லாம் அவர் விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“குடிக்காது,” என்றார் ஸ்பானர். “அதனால விக்கலை.”

“குடிக்கிற வண்டியாச்சே, கொஞ்சம் அடிச்சுப் பேசலாம்னு வந்தேன். குடிக்காதுன்னா அதிகம் தரேன், அதுக்கும் மாட்டேங்கிறீங்க. என்னதான் சொல்ல வரீங்க?”

“தண்ணீர்க்காரம்மா காலையில ஓட்டணும்,” என்றார்.

வந்தவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் திரும்பிப் போனார். தண்ணீர்க்காரம்மாவுக்குப் போன உயிர் வந்தது. போனால் போகட்டும், நல்லதாக ஒரு டீ போட்டுக் கொடுப்போம் என்று உள்ளே போனாள்.

டம்ளரோடு வெளியே வந்தால் ஆளைக் காணோம். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“என்ன பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல. மீட்டரை ஓட்டுற பல்சக்கரம் ஒண்ணு இருக்கு. அதை மட்டும் மாத்திட்டா கணக்கு சரியாயிடும்.”

“ஒம்பதுன்னா பத்துன்னு மனசுல கூட்டிக்கத் தெரியாதா?”

“சரி சரி. முட்டி பிடிச்சுக்கிச்சு. கையைக் கொடு, எழுந்திருக்கிறேன்.”

அவள் டீயைத் திண்ணையில் வைத்தாள்.

“முதல்ல ஸ்பானர் வரட்டும். அப்புறம் கை.”

அடியிலிருந்து தரையை உரசிக்கொண்டு ஸ்பானர் வெளியே வந்தது.

“இன்னொண்ணு?”

சின்ன ஸ்பானரும் வந்தது.