பிறத்தியார் வாயில் அவள் கட்டுரை

இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது, ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது, இப்போது இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வேறு, நெளியவும் முடியாது, நெளிந்தால் கண்ணாடிக்காரப் பேராசிரியர் சொல்வது சுடுகிறது என்று அறையே நினைத்துக்கொள்ளும்... என்ன கருத்தரங்கோ, அரைகுறைக் கட்டுரையைச் செப்பனிட்டுத் தருகிறார்களாம், எழுதியவள் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமாம், முன்பின் தெரியாத ஒருவர் அதை எடுத்துச் சொல்வாராம், பெற்றவள் ஓரமாக நிற்க ஊரான் தாலாட்டுகிற கதை. அவர் கைப் பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு, எதற்கு அத்தனை கோடு? இரண்டு வருஷம் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களோடு உட்கார்ந்து சேர்த்தது, அப்பாவும் அங்கே தூக்கியவர் என்பதால்தான் அவளிடம் பேசினார்கள், முதுகு போனவனின் பங்கை மற்றவர்கள் சத்தமில்லாமல் சுமந்து அவன் கூலியைக் காப்பாற்றுவது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதைத்தான் இந்த மனுஷன் துருவுகிறார், "மேஸ்திரி தெரிஞ்சேதான் விடுறாரா? அத மட்டும் கண்டுபிடிச்சா இது தனிப் புத்தகமாவே வரும்" என்கிறார், யாருடைய புத்தகம்? காலையில் டீ வாங்கும்போதும் பக்கத்தில் வந்து நின்று, "உங்கப்பாவ ஒருநாள் பாக்கணும்மா" என்றாரே, அப்பாவிடம் இவருக்கு என்ன வேலை... மூட்டை ஏத்திவிட வர்றவன் கையில சாக்கைக் கிழிக்கிற கொக்கி இருக்கான்னு மொதல்ல பாரு என்பார் அப்பா. நாளைக்கு இவர் பெயரில் அச்சாகி வந்தால் யாரிடம் போய் அழுவது, நிரந்தர வேலைகூட இல்லாதவள் சொன்னால் யார் நம்புவார்கள், அவள் பெயர் அடிக்குறிப்பில் எறும்பாகக் கிடக்கும்.

கைதட்டினார்கள், முடிந்துவிட்டது. அவர் நேரே வந்து கோடு போட்ட பிரதியை நீட்டினார். "வச்சுக்கம்மா, எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு." இன்னொன்று எதற்கு என்று கேட்க நாக்கு வரை வந்தது, "சரி சார்" என்றாள், புரட்டினாள், ஓரமெல்லாம் பொடி எழுத்து, அட்டவணையில் கூட்டல் தப்பு என்றுகூட... தப்புத்தான், எப்படிக் கண்ணில் படாமல் போனது? "மதியம் என்னோடது. நல்லா கிழிச்சுத் தொங்கவிடு, பரவால்ல" என்று சிரித்துவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போனார். இவள் கட்டுரையை அவர், அவர் கட்டுரையை இவள், அதுதான் இங்கே ஏற்பாடு. அவருடையதை அனுப்பிவைத்து எத்தனை நாளாயிற்று, இந்த ஆள் யார், இதற்கு முன் எவன் உழைப்பில் கை வைத்தார் என்று வலைத்தளம் வலைத்தளமாகத் தேடினாளே தவிர, அதைத் திறக்கவே இல்லை. திருடுவாரா, மாட்டாரா... அது இன்னும் தெரியவில்லை. அவருடைய நாற்பது பக்கத்தை ஒரு தடவை ஒழுங்காகப் படித்துத் தர வேண்டிய கடன் மட்டும் அப்படியே இருந்தது.