இரண்டாம் அறைக் கல்மனிதன்

எங்கள் தீவின் அருங்காட்சியகத்தில் இரண்டாம் அறையில் இருக்கும் கல்மனிதன், 1955ஆம் ஆண்டு ஈஸ்டர் முடிந்த இரண்டாவது புதன்கிழமையிலிருந்து, தன் கையைத் தொட்டவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினான். முதலில் அகப்பட்டது டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை. பதினோரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு விட்டான். அந்த அம்மாள் கூச்சல் போடவில்லை. இடது கையால் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஊரில் இருந்த தன் தங்கைக்கு ஒரு தபால் அட்டை எழுதினாள். அதே வாரம் எலுமிச்சை விலை இரண்டு மடங்கானது. ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

கல் என்பது உண்மையில் ஒரு கல்லறைக் கல்லின் பாதி. மழைநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது கிடைத்தது. தாடிக்காரன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை முன்னால் நீட்டியிருக்கிறான். எதிரே நின்று அந்தக் கையைப் பற்றியிருந்தவள் மனைவியோ மகளோ, மறுபாதிக் கல்லோடு எங்கோ போய்விட்டாள். அந்தக் காலத்தில் செத்தவரும் இருப்பவரும் கைகொடுத்துக்கொள்வதாகத்தான் செதுக்குவார்களாம். யார் செத்தவர், யார் இருப்பவர் என்று கல்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அவனைத் தவிர அந்த அருங்காட்சியகத்தில் பன்னிரண்டு ஜாடிகள், ஒரு தலையில்லாத தேவதை, சில விளக்குகள், குழந்தையின் கல்லறையில் கிடைத்த ஒரு மண்குதிரை ஆகியவை உண்டு. கடற்பஞ்சு வியாபாரி ஒருவர் வாரிசில்லாமல் இறந்தபோது எழுதிவைத்த வீடு அது. கூரை மட்டும் ஒழுகும்.

காவலாளி நோமிகோஸ். முப்பது வயதுவரை பஞ்சு எடுக்க மூழ்கியவன். கடலடியிலிருந்து அவசரமாக மேலே வருகிறவனின் காலைக் கடல் வாங்கிக்கொள்ளும், சிலரிடம் உயிரையே வாங்கிக்கொள்ளும். நோமிகோஸிடம் வலது காலோடு விட்டது. கைத்தடியோடு நடக்கிறவனுக்கு ஏற்ற வேலை என்று சீட்டுக் கிழிக்க உட்காரவைத்தார்கள். பார்வையாளர் நோட்டுப் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில், கல் எவ்வளவு நேரம் பிடித்திருந்தது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதும் பழக்கத்தை அவன்தான் கொண்டுவந்தான்.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஊருக்கு விஷயம் புரிந்தது. யாரையாவது நினைத்து ஏங்குகிறவர்களைக் கல் பிடிக்கிறது, ஏக்கம் எவ்வளவோ அவ்வளவு நேரம். எங்கள் படகுகள் ஈஸ்டர் முடிந்ததும் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் அக்டோபரில்தான் திரும்பும். நடுவில் ஊரில் இருப்பது பெண்களும் பாதிரியாரும் ஆடுகளும். ஜூன் மாதத்துக்குள் வரிசை தெருமுனைவரை நின்றது. ரொட்டிக்கடைக்காரனின் தங்கையை நாற்பது நிமிடம் பிடித்தது. கல்யாணமாகி ஆறு வாரமே ஆன ஒரு பெண்ணை ஒன்றேகால் மணி நேரம். பாதிரியாரை அரை நிமிடம். கடவுள் எங்கும் இருக்கிறபோது யாரை நினைத்து ஏங்குவது என்று அவர் கேட்டார், ஆனாலும் முகம் சிறுத்துத்தான் போயிற்று. படகுத் தலைவரின் மனைவி கலோதினாவின் கையைக் கல் தொட்டதும் விட்டது.

“என் கை ஈரமா இருந்துச்சு, வழுக்கிடுச்சு,” என்றாள் கலோதினா.

“துடைச்சுட்டு இன்னொரு தரம் வையேன் அக்கா. கல்லு எங்கயும் ஓடிடாது,” என்றாள் பின்னால் நின்றவள்.

“அடுப்புல பால் வெச்சிட்டு வந்திருக்கேன்டி.”

அந்தப் பால் பொங்கி முடிய அக்டோபர் ஆயிற்று. அதுவரை அவள் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. தலைவர் திரும்பிவந்து, வீட்டுக்குப் போகுமுன்பே காபிக்கடையில் செய்தியைக் கேட்டு, நேராகப் போய்த் தன் கையை வைத்தார். அதையும் உடனே விட்டது. அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் முன்பைவிட ஒற்றுமையாக இருந்தார்கள்.

தெமெலினா வந்தது அந்த ஜூலையில். அவள் புருஷன் ஸ்கேவோஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே, காலையில் மூழ்கி மாலையில் படகுத் தட்டில் செத்தான். வயது இருபத்தொன்பது. வெயில் காலத்தில் பிணத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் ஓட்ட முடியாது என்று அங்கேயே கரை மணலில் புதைத்தார்கள். புதைத்தவன் நோமிகோஸ். தெமெலினாவுக்கும் ஸ்கேவோஸுக்கும் கல்யாணத்தில் தலையில் கிரீடம் மாற்றிவைத்தவனும் அவனே. அப்படி மாற்றிவைத்தவனை எங்கள் ஊரில் கும்பாரே என்று கூப்பிடுவோம், அது கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேல். அவன் காலும் அதே கோடையில்தான் போனது.

எங்கள் ஊரில் செத்தவர்களை மூன்றாம் வருடம் தோண்டி எடுப்போம். எலும்பை ஒயின் ஊற்றிக் கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்து, பெட்டியில் வைத்துப் பெயர் எழுதுவோம். அத்தோடு துக்கம் ஒரு கரைக்கு வந்துவிடும். அதன் பிறகு விதவை கல்யாண வீட்டில் சிரித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆப்பிரிக்க மணலில் கிடப்பவர்களுக்கு மூன்றாம் வருடம் கிடையாது. அப்படிப்பட்டவர்களின் பெண்கள் தீவில் பதினாறு பேர் இருந்தார்கள். அவர்களுடைய துக்கத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது.

கல் தெமெலினாவை நான்கு மணி நேரம் பத்து நிமிடம் பிடித்திருந்தது. தீவில் வேறு யாரும் அந்தக் கணக்கின் கிட்டேகூட வரவில்லை. நோமிகோஸ் முக்காலி கொண்டுவந்து போட்டான், மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. கல் விட்டதும் அவள் விரல்களை நீவிக்கொண்டு வீட்டுக்குப் போய், இரண்டு வருடத்தில் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினாள். அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் வந்தாள். நோமிகோஸ் வேண்டாம் என்று சொன்னாலும் இரண்டு திராக்மா கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவாள். கல்லறைக்குச் சும்மா கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்பாள். அவளுக்கு இருந்த ஒரே கல்லறை அதுதான்.

அப்படி நான்கு வருடம் போயிற்று. நோட்டில் நான்கு மணி நேரம் மூன்றரை ஆகி, மூன்றாகி, மூன்றிலேயே நின்றது. நடந்ததை அறிந்தவன் நோமிகோஸ் மட்டும். கல்லின் விரல்கள் வருடத்துக்கு வருடம் சீக்கிரம் தளர்ந்துகொண்டிருந்தன. முதலில் இரண்டு மணி நேரம், அப்புறம் அரை மணி, அப்புறம் பத்து நிமிடம். 1959 தொடங்கியபோது கல் அவளைப் பிடிக்கவே இல்லை. அவளோ கண்ணை மூடிக்கொண்டு மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள். நோமிகோஸ் அவள் எழுந்த நேரத்தைப் பார்த்து எழுதினான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதென்ஸிலிருந்து வந்த உறவுக்காரர்களுக்கு ஊர்ப் பெருமையைக் காட்டக் கலோதினா உள்ளே வந்தாள். கல்லைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தாள். அவளுக்கு நாக்கு என்றைக்கும் வாய்க்குள் நின்றதில்லை.

“அவன் விட்டு ரொம்ப நேரமாச்சுடி தெமெலினா. நீதான் அவனைப் பிடிச்சிக்கிட்டு இருக்கே.”

தெமெலினா கண்ணைத் திறந்தாள். கல்லின் விரல்கள் சிற்பி செதுக்கியபடியே திறந்திருந்தன. அவளுடைய விரல்கள்தான் வெளுத்துப்போய் அவற்றைப் பற்றியிருந்தன. உறவுக்காரர்கள் மண்குதிரையைப் பார்க்கப் போனதும் அவள் கையை எடுத்தாள். அப்புறம் வாசலுக்கு வந்து நோமிகோஸின் எதிரே நின்றாள். “எத்தனை நாளா இது?”

“எது எத்தனை நாளா?”

“கும்பாரே, எங்க தலையில கிரீடம் மாத்தின கை உன்னோடது. பொய் சொல்லாதே.”

“இந்த வருஷம் ஒரு தடவைகூடப் பிடிக்கல.”

“நோட்டுல மூணு மணி நேரம்னு எழுதியிருக்கே.”

“நீ மூணு மணி நேரம் இருந்தே. நான் பார்த்ததைத்தான் எழுதினேன்.”

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. முதலில் ஸ்கேவோஸின் குரல் அவள் நினைவிலிருந்து போயிற்று. பிறகு நடை. அவள் பயந்தது தன்னைப் பற்றி அல்ல. கல்லறையும் இல்லாமல், நினைத்து ஏங்க ஆளும் இல்லாமல் போனால் ஸ்கேவோஸ் என்று ஒருவன் பிறந்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று பயந்தாள். ஊரில் அவனுக்கு வேறு நாதியில்லை. அவள் மறந்தால் அத்தோடு அவன் முடிந்தான்.

“முகம் போயிடுச்சு கும்பாரே,” என்றாள். “ஒரு கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கும். எந்தக் கண்ணுன்னு ஞாபகம் இல்ல. கல்யாணப் போட்டோவுல இருக்கிறவன் போட்டோக்காரனுக்குப் பயந்து நிக்கிற எவனோ ஒருத்தன்.”

“இடது கண்ணு,” என்றான் நோமிகோஸ்.

ஆறு வருடத்தில் ஸ்கேவோஸைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. மரியாதைக்காகப் பேசாமல் இருக்கிறான் என்று ஊர் நினைத்திருந்தது. தெமெலினா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ ஏன் ஒரு நாளும் அந்தக் கையைத் தொட்டதில்ல?”

“காவல்காரன் பொருளைத் தொடக்கூடாது. சட்டம்.”

“சட்டமாம்,” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை, செத்தவர்களுக்கெல்லாம் பூசை வைக்கிற நாள். தெமெலினா ஒரு குடுவை ஒயினும் புது வெள்ளைத் துணியும், சர்க்கரையும் மாதுளம் முத்தும் கலந்த வேகவைத்த கோதுமைத் தட்டும் எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்தாள். பின்னால் மற்றப் பதினைந்து பேரும் வந்தார்கள். ஞானஸ்நானம் பெறாத கல்லுக்கு மூன்றாம் வருடம் செய்வது பாவம் என்று பாதிரியார் காலையிலேயே சொல்லியிருந்தார். ஆனாலும் அங்கியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொல்லி ஓரமாக நின்றார். தெமெலினா துணியை நோமிகோஸின் கையில் கொடுத்தாள்.

“புதைச்ச கைதான் எடுக்கணும்.”

அவன் வாயைத் திறக்குமுன் அவள் கல்லின் கையில் ஒயினை ஊற்றினாள். எலும்பு மண்ணைவிட்டு வெளியே வரும்போது எங்கள் பெண்கள் விருந்தாளியை வரவேற்பதுபோல வரவேற்பார்கள். அவளும் அப்படியே சொன்னாள். “வா ஸ்கேவோஸ். வழி கண்டுபிடிச்சு வந்துட்டியா, வா.” நோமிகோஸ் துடைத்தான். பெருவிரலைத் துடைத்தான், சுட்டுவிரலைத் துடைத்தான். நடுவிரலுக்கு வந்தபோது கல் அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

காலை ஒன்பது மணிக்குப் பிடித்தது. மதியத்துக்கு விடும் என்று நினைத்தார்கள். சாயங்காலம் முக்காலிக்குப் பதிலாகச் சாய்வு நாற்காலி கொண்டுவந்தார்கள். கடைசியில் பாதிரியார் பையைத் திறந்து அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு பூசையைச் செய்தார். ஞாயிறும் விடவில்லை. திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, ஆனால் பூட்டுகிறவன் உள்ளே இருந்ததால் திறந்தே கிடந்தது. கலோதினா சூப் வைத்துக் கொண்டுவந்து, ஒரு வார்த்தையும் குத்தலாகப் பேசாமல், அவனுக்குக் கரண்டியால் ஊட்டினாள்.

அந்த மூன்று நாளும் நோமிகோஸ் பேசினான். ஸ்கேவோஸ் எலுமிச்சையைத் தோலோடு தின்பான் என்றான். தூக்கத்தில் பல்லைக் கடிப்பான் என்றான். நாய் தோண்டிவிடும் என்று இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டியதையும், அடையாளத்துக்கு நட்ட துடுப்பை மறுநாளே காற்று சாய்த்ததையும் சொன்னான். அவன் இல்லாத படகில் தனக்குக் காலை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை என்றும் சொன்னான். தெமெலினா பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்குத் தெரியாத ஸ்கேவோஸ் அவ்வளவு பேர் இருந்தார்கள்.

“தினம் சாயங்காலம் ஒரு பந்தயம் வைப்போம்,” என்றான். “இன்னைக்கு தெமெலினா என்ன சமைச்சிருப்பான்னு. தோத்தவன் பாத்திரம் கழுவணும். ஜெயிச்சது யாருன்னு எப்படித் தெரியும்? அதனால ரெண்டு பேருமே கழுவுவோம்.”

“கடைசியா என்ன சொன்னான்?”

“முந்தின நாள் சாயங்காலம். கத்தரிக்காய்னு சொன்னான். நான் அவரைன்னு சொன்னேன்.”

தெமெலினா அவன் மடியில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து மடித்தாள்.

“கத்தரிக்காய்தான்,” என்றாள். “நீதான் கழுவியிருக்கணும்.”

ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு புதன்கிழமை என்ன சமைத்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? நோமிகோஸ் அதைக் கேட்கவில்லை. அவன் அழுதான், சத்தம் போட்டே அழுதான். திங்கட்கிழமை மாலை மூன்று இருபதுக்குக் கல் அவனை விட்டது. அவன் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். தெமெலினா தன் கையை வைத்துப் பார்த்தாள். கல் பிடிக்கவில்லை. அவளும் பிடிக்கவில்லை. மிச்சமிருந்த கோதுமையை வாசலில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்த இலையுதிர்காலத்தில் கலோதினாவின் மகள் கல்யாணத்தில் அவள் ஆடினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒயின் கறை போகவில்லை. மே மாதம் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, அளந்து, இதைச் செய்தது யார் என்று கேட்டார். பதினாறு பெண்களும் நான்தான் என்றார்கள். அவர் கறையைச் சுரண்டிப் பார்க்க விரலை வைத்தார். இரண்டு மணி நேரம் கழித்துக் கல் விட்டபோது படகு போய்விட்டிருந்தது. இரவு பாதிரியார் வீட்டில் தங்கி, கல்லின் நிறம் இயற்கையானது என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒருவராக மற்றவர்களும் தங்கள் ஆளை எடுத்தார்கள். அதே சனிக்கிழமை, கல்லின் அதே கை, புதைத்தவர்களில் உயிரோடு இருப்பவர் யாரோ அவர் துடைப்பார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோதுமையைச் சீட்டோடு சேர்த்துக் கொடுப்பது என்று நினைத்துத் தின்றுவிட்டுப் போகிறார்கள். ஒருவர் கழுவும்போது கறை ஒரு விரல்கடை ஏறுகிறது. இப்போது கல்மனிதனின் கை முழங்கைவரை சிவப்பு. இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். தோளுக்குள் முடிந்துவிடும் என்று நோமிகோஸ் அளந்து சொல்லியிருக்கிறான்.