ஒன்பது மிசஸ்கள்

அந்த அமெரிக்க மாநிலத்தின் மேலவையான செனட்டில் பதினேழாம் தொகுதிக்கு இதுவரை ஏழு பேர் உறுப்பினராக இருந்திருக்கிறார்கள். ஏழு பேரின் படங்களும் கவுண்டி எனும் மாவட்ட அலுவலகத் தாழ்வாரத்தில் தொங்குகின்றன. ஏழும் ஆண்கள். முதல் ஆறு பேரும் செத்தோ சலித்தோ இடத்தை விட்டார்களே தவிர, தேர்தலில் தோற்று விட்டவர் ஒருவரும் இல்லை. கடைசிப் படத்துக்குரிய, இப்போதைய உறுப்பினர் எல்மர் ப்ரூக்மன் அந்த 1974 ஏப்ரல் மதியம் நேரிலேயே வந்து, தன்னை எதிர்த்து நிற்க மனு கொடுத்திருந்த தோராவுக்கு எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐம்பது கையெழுத்து இருந்தா வேட்புமனு செல்லும். நான் ஐம்பத்தெட்டு குடுத்திருக்கேன்," என்றாள் தோரா.

"அதுல ஒன்பது குப்பை. கால்வின், காட்டுப்பா," என்றார் எல்மர்.

தேர்தல் எழுத்தர் கால்வின் தாள்களைத் திருப்பி வைத்தார். ஒன்பது வரிகளில் சிவப்புப் பென்சில் ஓடியிருந்தது. மிசஸ் ஆர்வில் ஸ்டெங்கர். மிசஸ் லாயிட் ஹாம். மிசஸ் கிளாரன்ஸ் விக். எல்லாம் கணவன்மார் பெயர்கள், முன்னால் ஒரு மிசஸ். வாக்காளர் பட்டியலில் அப்படி யாரும் கிடையாது.

அந்தத் தாள்களைத் தோரா பத்துத் தடவையாவது சரிபார்த்திருப்பாள். ஒரு தடவைகூடக் கண்ணில் உறுத்தவில்லை. புருஷன் இறந்து நாலு வருடமாகியும் அவளுக்கு வரும் கடிதங்களே அப்படித்தான் வருகின்றன.

"அஞ்சு மணிக்குள்ள அவங்கள்ல ஒருத்தர் நேர்ல வந்து சொந்தப் பேர்ல கையெழுத்துப் போட்டா போதும், ஏத்துக்கறேன்," என்றார் கால்வின்.

தோரா அங்கிருந்த தொலைபேசியிலேயே ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். பனி உருகிப் பாதையெல்லாம் சேறு என்றார்கள் இருவர். மற்ற வீடுகளில் எடுத்ததெல்லாம் புருஷன்கள். "அவ வரமாட்டா" என்று ஒருவன் வைத்தே விட்டான். மிஞ்சியது ஸ்டெங்கர் வீடு. இரண்டே தெரு தள்ளி. ஆனாலும் அதைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தாள். அந்தப் பெண்மணி பாடம் நடத்திய கிராமப் பள்ளியை மூடச் சொல்லி ஊர்க் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் தோராவும் ஒருத்தி.

"வரேன்," என்றது குரல். அவ்வளவுதான்.

"வர்றவங்க பேர் என்ன? பட்டியல்ல பாத்து வைக்கிறேன்," என்றார் கால்வின்.

தோரா வாயைத் திறந்தாள். பதினோரு வருடம் தேவாலயச் சமையலறையில் ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவியிருக்கிறார்கள். மிசஸ் ஸ்டெங்கர், அந்தத் துணியைக் குடுங்க. மிசஸ் ஸ்டெங்கர், காபி கொதிக்குது. அதற்குமேல் ஒன்றும் நினைவில் இல்லை. நினைவில் இல்லாதது மறந்ததால் அல்ல, ஒருநாளும் கேட்காததால்.

எல்மர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பேரே தெரியாதா! அடேயப்பா, இவங்கதான் இந்த ஜனங்களோட பிரதிநிதி. எழுதிக்கோ கால்வின்."

"உங்களுக்குத் தெரியுமா எல்மர்?" என்றாள் தோரா.

"எனக்கெதுக்கு? எனக்கு ஆர்வில்லைத் தெரியும்."

நாலே முக்காலுக்கு அந்தப் பெண்மணி வந்தாள். முழங்கால் வரை ரப்பர் காலணி, தலையில் கட்டிய துணி. எல்மர் எழுந்து, "ஆர்வில்லுக்குத் தெரியுமாம்மா நீங்க வந்தது?" என்றார்.

"தெரியும். கத்திக்கிட்டிருக்காரு. போய்க் கேளுங்க, தெரு முனைக்கே கேக்குது."

பேனாவை வாங்கினாள். மெதுவாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி எழுதினாள். அல்வினா ரோஸ் ஸ்டெங்கர். கால்வின் பட்டியலில் விரலை ஓட்டி, தலையசைத்து, ஐம்பது என்று முத்திரை குத்தினார். எல்மர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

தோரா அவள் பக்கம் திரும்பினாள். "என் மேல இவ்வளவு கோபம் இருந்தும்..."

"உனக்காக வந்தேன்னு நினைச்சியா? பன்னெண்டு வருஷமா வாக்குச்சீட்டுல அந்த ஆளு பேரு ஒண்ணுதான். எனக்கு இன்னொரு பேரு வேணும், அவ்வளவுதான். உனக்கு ஓட்டுப் போடுவேன்னு கனவு காணாதே."

"ரொம்ப நன்றி, அல்வினா."

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"மிசஸ் ஸ்டெங்கர்னு கூப்பிடு. பேர் சொல்ற அளவுக்கு நாம பழகலை."