பால் பாத்திரத்தில் கோழி சூப்

என் வீட்டுக்காரர் போதகர். மேடை ஏறினால் மோசேயின் நியாயப்பிரமாணத்தை, அந்தப் பழைய வேதச் சட்டங்களை, வறுத்தெடுக்காமல் இறங்கமாட்டார். "அது நுகம். கிருபை வந்தாச்சு, இறக்கி வை" என்பார். சபையே தலையாட்டும். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் ஆட்டுவேன்.

எங்கள் வீட்டுக் கூரை இடிந்து விழுந்தபோது சபையில் எல்லோரும் எங்களுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்கள். தங்க இடம் தந்தவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். யூதர், தனிக்கட்டை. மாடி அறையைத் திறந்துவிட்டுச் சமையலறைக்கும் அழைத்துப் போனார்.

"உங்க வீடு மாதிரி புழங்குங்க தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு. நீலப் பிடி போட்டதெல்லாம் பாலுக்கு, சிவப்புப் பிடி கறிக்கு. மாத்திடாதீங்க. மோசே குடுத்த எங்க வேதப்படி ரெண்டும் சேரக் கூடாது."

அவர் எங்களிடம் கேட்டது அவ்வளவுதான். வாடகை என்று வாயெடுத்தாலே கோபித்துக்கொள்வார்.

எனக்குக் காய்ச்சல் கண்ட அன்று தையல்காரர் கடையில் இருந்தார். என் வீட்டுக்காரர் அக்கறையாகக் கோழி சூப் வைத்துப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார். நீலப் பிடி.

"என்னங்க, இது பால் பாத்திரமாச்சே."

"தெரியும். சிவப்பு கழுவாம கிடந்துச்சு. பாத்திரத்துலயா பரிசுத்தம் இருக்கு? சூடா குடி."

தெரியும் என்றாரே, அது சுருக்கென்று தைத்தது. தைத்ததோடு சரி. சூப் நன்றாக இருந்தது. குடித்துவிட்டு, காய்ச்சலோடு எழுந்து பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி இருந்த இடத்தில் மாட்டினேன்.

மறுநாள் காலை தையல்காரர் அதே பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். ஆயுசுக்கும் மீறாத ஒன்றை அந்த மனிதர் எங்களால் மீறப்போகிறார், அதுவும் தெரியாமலே. என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, குடிக்காதீங்க. நேத்து அதுல கோழி வெந்துச்சு."

தையல்காரர் அடுப்பை அணைத்தார்.

"மறந்துட்டீங்களா போதகரே?"

தப்பித்துக்கொள்ள அவரே வழி விட்டார். என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

"மறக்கல. ராத்திரி ஜெபத்துல ஆண்டவர்கிட்ட பாவத்தை அறிக்கை செஞ்சுட்டேன். அவர் மன்னிச்சிட்டார்."

"நல்லது. ஆனா பாத்திரம் என்னுதாச்சே" என்றார் தையல்காரர். குரலில் கோபமே இல்லை. "எங்க முறையில, மனுஷனுக்குச் செஞ்சதை முதல்ல அந்த மனுஷன்கிட்டதான் கேக்கணும். கேட்டுட்டா நான் மாட்டேன்னு கல்லு மாதிரி நிக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான். நீங்க கேளுங்க, அதுக்குத்தான் நிக்கிறேன்."

எத்தனையோ பேரை முழங்காலில் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னவர் என் வீட்டுக்காரர். அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. காது மடல் சிவந்துபோனது.

"மன்னிச்சிடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மன்னிச்சாச்சு" என்று தையல்காரர் உடனே சொன்னார்.

நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாலைக் கொட்டப் பாத்திரத்தை எடுத்தேன். தையல்காரர் வழிவிடாமல் என்னையே பார்த்தார்.

"கழுவி மாட்டினது யாரு தங்கச்சி?"

அதுவரை புருஷனுக்காக மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவள், பாத்திரத்தைத் திரும்ப அடுப்பிலேயே வைத்தேன். நானும் கேட்பதற்காகத் தையல்காரர் நகராமல் நின்றார்.